ஜோடி சேராத விசை

பட்டறைக்காரர் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பாவின் கடையில் "இல்லை" என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. கேட்ட நிறம் இருப்பில் இல்லாவிட்டால் "அதைவிட எடுப்பா ஒண்ணு வந்திருக்கு, உக்காருங்க" என்று அடுத்த கட்டைப் பிரித்துவிட வேண்டும். வந்தவர் "வேண்டாம்" என்று படியிறங்கினால்கூட வியாபாரம் அப்போதுதான் சூடு பிடிக்கிறது என்று அர்த்தம். அப்படி வளர்ந்த மனிதருக்கு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், வாயைத் திறந்தால் "இல்லை" என்று மட்டும் சொல்லும் ஒரு பேராசிரியை வந்து வாய்த்தார்.

துணி அவருக்கு ஒத்துவரவில்லை. கை எதையாவது அறுத்துக்கொண்டும் இழைத்துக்கொண்டும் இருந்தால்தான் மனிதருக்கு மூச்சே ஒழுங்காக வரும். அதனால் பட்டறை போட்டார். அறிவியல் காட்சிக்கூடத்துக்குச் சுழற்றிப் பார்க்கவும், இழுத்துப் பார்க்கவும், அமுக்கிப் பார்க்கவும் மாதிரிகள் செய்து கொடுப்பது தொழில். பிள்ளைகள் உடைக்காத பொருளை உலகத்தில் யாரும் இன்னும் செய்யவில்லை. உடைப்பதற்குக் கொஞ்சம் நேரமாகும் பொருளை அவர் செய்தார். அதற்கே நல்ல பெயர் இருந்தது.

இப்போது செய்துகொண்டிருந்தது ஒரு புதிய கூடம். இயற்கையில் உள்ள நான்கு விசைகளையும் கையால் தொட்டு அறிய வேண்டும் என்பது திட்டம். ஈர்ப்பு விசைக்குப் பெரிய புனல் ஒன்று; உருட்டிவிட்ட கோலி சுற்றிச் சுற்றி வந்து குழியில் விழும். மின்காந்தத்துக்குக் கண்ணாடிக்கு அடியில் இரும்புத்தூள்; காந்தத்தை நகர்த்தினால் மயிர்க்கூச்செடுத்த மாதிரி நிமிர்ந்து நிற்கும். அணுக்கருவைக் கட்டிப்பிடித்திருக்கும் வலுவான விசைக்கு, தடித்த ரப்பர் பட்டையால் பிணைத்த இரண்டு பந்துகள். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு முறுக்கிக்கொள்ளும். மூன்றும் அமர்க்களமாக வந்துவிட்டன. நான்காவது மேடை மொட்டையாக நின்றது.

நான்காவது, வலுவற்ற விசை. பட்டறையில் அதற்கு "நோஞ்சான்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நோஞ்சான் என்ன ஆச்சு?" என்று காட்சிக்கூடத்தின் இயக்குநரே அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும் அளவுக்கு விஷயம் நாறிவிட்டது. இயக்குநர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய மேசை மேல் தொடுதிரைக்காரர்களின் வழவழப்பான விளம்பரப் புத்தகம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. சுவர் முழுக்கத் திரை, தொட்டால் படம் ஓடும், உடையாது, தேயாது.

"வியாழக்கிழமை வந்து பார்ப்பேன்," என்றார் இயக்குநர். "நாலாவது மேடையில கை வச்சுப் பார்க்கற மாதிரி ஒண்ணு நிக்கணும். அந்தப் பேராசிரியை அம்மா அது சரின்னு சொல்லணும். இல்லேன்னா அங்க ஒரு திரையை மாட்டிடுவேன். அதோட விடமாட்டேன், சொல்லிட்டேன். அடுத்த கூடம் முழுக்கவும் திரைக்காரங்ககிட்டயே போயிடும்."

அடுத்த கூடம் போனால் பட்டறையில் வேறு வேலை இல்லை. கடைகளுக்கு அலமாரி அடித்துக் கொடுக்கலாம். பட்டறைக்காரருக்கு அலமாரி என்றாலே அப்பாவின் கடை ஞாபகம்தான் வரும்.

*

முதலில் அவர் செய்ததை நினைத்தால் அவருக்கே இப்போது வெட்கமாக இருந்தது. வலுவான விசைக்குத் தடித்த ரப்பர் என்றால் வலுவற்ற விசைக்கு மெல்லிய ரப்பர். வேறென்ன? இரண்டு பந்துகளை நூல்போன்ற ரப்பரால் கட்டி, பேராசிரியையை அழைத்துக் காட்டினார்.

பேராசிரியை பந்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஒல்லியான, அவசரமில்லாத பெண்மணி. பல்கலைக்கழகத்தில் வேலை, இந்தக் கூடத்துக்குச் சரிபார்ப்பவர்.

"இல்லை," என்றார்.

"என்ன மேடம், இழுப்பு அதிகமா இருக்கா? இன்னும் மெல்லிசா போட்டுடலாம்."

"இல்லை. இதோட வேலை இழுக்கறது இல்ல சார். மாத்தறது. ஒரு நியூட்ரான் இருக்கு. அது புரோட்டானா மாறுது. மாறும்போது ஒரு எலக்ட்ரான் வெளிய வருது. கூடவே எதிர் நியூட்ரினோன்னு ஒண்ணு, யார் கண்ணுலயும் படாம நழுவிடும். ஆளையே மாத்தற விசை இது ஒண்ணுதான்."

மாற்றுவதுதானே? பட்டறைக்காரர் உற்சாகமாகிவிட்டார். ஒரு பெட்டி செய்தார். மேலே சாம்பல் நிறப் பந்தைப் போட்டால் கீழே சிவப்புப் பந்தும், நீலக் குட்டிப் பந்தும், கண்ணாடி மணி ஒன்றும் வந்து விழும். உள்ளே நுணுக்கமான வேலை. அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, பட்டறையில் அவருக்கு வலது கை, பார்த்துவிட்டுக் கைதட்டினான்.

"மாமா, இதுக்கு டிக்கெட் போடலாம்."

பேராசிரியை பந்தைப் போட்டார். சிவப்பு வந்தது, நீலம் வந்தது, மணி வந்தது.

"இல்லை," என்றார்.

"எது மேடம் இல்லை? மாறிடுச்சே!"

"நீங்க உள்ள ஏற்கெனவே வச்சிருந்ததை வெளிய தள்ளறீங்க. நியூட்ரானுக்குள்ள எலக்ட்ரான் ஒளிஞ்சு உக்காந்திருக்கல. மாறும்போதுதான் அது உண்டாகுது."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தும் இல்ல. இருந்த ஆற்றல்லேருந்து."

"சரக்கே இல்லாத கடையிலேருந்து சரக்கு வெளிய வருதா?"

"ஆமா."

"சரி, எப்ப மாறும்னாவது சொல்லுங்க. கைப்பிடியைத் திருகினதும் மாறற மாதிரி வச்சிடறேன்."

"சொல்ல முடியாது. தனியா விட்ட நியூட்ரான் சராசரியா கால் மணி நேரம் தாங்கும். ஆனா இந்த ஒரு நியூட்ரான் எப்ப மாறும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"தட்டினா?"

"கேக்காது."

"சூடு பண்ணினா?"

"கேக்காது."

"கெஞ்சினா?" என்றான் மைத்துனன் பின்னாலிருந்து.

பேராசிரியை சிரித்தார். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. யார் சொல்லுக்கும் மசியாத ஒன்றுக்குக் கைப்பிடி எங்கே வைப்பது? வாழ்நாள் முழுக்க அவர் செய்தவை எல்லாம் திருகினால் சுற்றும், அமுக்கினால் எழும். இது என்னடா என்றால் பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி தனக்குத் தோன்றும்போதுதான் எழுந்திருக்குமாம்.

"கொஞ்சம் விட்டுக்குடுங்க மேடம்," என்றார் பேரம் பேசும் குரலில். "பிள்ளைங்க பார்க்கறது. கிட்டத்தட்ட சரியா இருந்தா போதாதா?"

"இயற்கை விட்டுக்குடுக்கல சார். நான் எப்படி விட்டுக்குடுக்க?"

*

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் ஊறப்போட்ட துணிகளைப் பிழிந்து அவர் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள். உலர்த்தும் கொடி வரைக்கும் அவர்தான் நடமாடும் கொடி.

"எதைச் சொன்னாலும் இல்லைங்கறாங்க. எதைக் கொண்டுபோனாலும் இல்லை."

"நான் சொன்னா மட்டும் எதிர்த்துப் பேசுவீங்க. அங்க 'சரி மேடம்'னு தலையாட்டிட்டு வந்திடறீங்க."

"அவங்க சொல்றது சரியா இருந்து தொலைக்குதேடி! அதான் வயித்தெரிச்சல். தப்புன்னா சண்டை போட்டிருப்பேன்."

"புரியலைன்னா அவங்க சொல்ற மாதிரியே ஒண்ணைச் செஞ்சு வச்சிட்டு வந்திட வேண்டியதுதானே?"

"புரியாததை என் கை செய்யாது."

"அப்ப எனக்கு ஒரு அலமாரி செஞ்சு குடுங்க. அதாவது புரியுமில்ல?" என்றாள் அவள். அவர் தோளில் இருந்த ஈரத் துணிகள் இன்னும் கனத்தன.

மூன்றாவது முயற்சிக்கு அவரே நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பேராசிரியையின் அறையில் உட்கார்ந்துவிட்டார். தேநீர்க் கோப்பையின் அடித்தடம் பதிந்த காகிதங்கள், ஜன்னலோரம் தண்ணீர் காணாத ஒரு செடி, சுவரில் அழித்து அழித்துச் சாம்பல் பூத்த கரும்பலகை.

"இது ஏன் இவ்வளவு நோஞ்சானா இருக்கு? அதையாவது சொல்லுங்க."

"இந்த விசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கற துகள் ரொம்பக் கனம். ஒரு புரோட்டானைவிட எண்பது, தொண்ணூறு மடங்கு. கடனா வாங்கின ஆற்றல்ல உண்டாகி, உடனே திரும்பிடணும். அதனால தூரம் போக முடியாது. அபூர்வமாத்தான் நடக்கும்."

பட்டறைக்காரர் கண்ணை மூடி யோசித்தார். அப்பாவின் கடை வாசல் தெரிந்தது.

"துணிப்பை எடுத்துட்டுப் போறவன் ஊர் முழுக்கச் சுத்தலாம். பீரோவைத் தலையில தூக்கினவன் வாசப்படியைத் தாண்டமாட்டான். அப்படியா?"

பேராசிரியை "இல்..." என்று தொடங்கி நிறுத்தினார். "பரவாயில்ல," என்றார்.

அந்தப் "பரவாயில்ல" அவருக்கு வைர மாலை போட்ட மாதிரி இருந்தது. ஓடிவந்து இரண்டு தண்டவாளங்கள் போட்டார். ஒன்றில் இலேசான வண்டி, தட்டினால் மறுகோடிக்கு ஓடும். இன்னொன்றில் ஈயம் நிரப்பிய வண்டி, எவ்வளவு தள்ளினாலும் இம்மி நகராது. இந்த முறை "இல்லை" சொன்னவர் இயக்குநர். கனத்த வண்டியைத் தள்ளிப் பார்த்தார், குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"கெட்டுப்போயிருக்கு."

"கெடல சார். அதான் விசை."

"வர்ற பிள்ளை ஒவ்வொண்ணுகிட்டயும் நீங்க நின்னு இதைச் சொல்லுவீங்களா? பார்த்தா கெட்டுப்போன வண்டி மாதிரியே இருக்கு. எடுங்க."

*

வியாழன் நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் மறுபடியும் அந்த அறைக்குப் போனார். இந்த முறை உட்காரவில்லை.

"மேடம், கடைசியா கேக்கறேன். மாத்துதுன்னீங்க, காட்ட முடியல. எப்பன்னு தெரியாதுன்னீங்க, கைப்பிடி வைக்க முடியல. கனம்னீங்க, நகரல. இந்தச் சனியன்கிட்ட வேற ஏதாவது குணம் இருக்கா? இல்ல, நான் போய்த் திரைக்காரன் கால்ல விழட்டுமா?"

பேராசிரியையும் அன்று சலித்துப்போயிருந்தார். "என் வகுப்புல ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்துலதான் பசங்க தூங்குவாங்க," என்றார். "உங்களுக்காவது கோபம் வருது. உக்காருங்க. பம்பரம் விட்டிருக்கீங்களா?"

"விடாம இருந்திருப்பேனா?"

"கண்ணாடி முன்னால விட்டா, கண்ணாடியில எதிர்ப்பக்கமா சுத்தும். அப்படி எதிர்ப்பக்கமா சுத்தற பம்பரத்தை நிஜமாவே விட முடியுமா?"

"ஏன் முடியாது? சாட்டையை மாத்திச் சுத்தினா போச்சு."

"ஈர்ப்பு, மின்காந்தம், வலுவான விசை, மூணும் அப்படித்தான். கண்ணாடியில எதைப் பார்க்கறீங்களோ அது நிஜத்துலயும் நடக்கலாம். கண்ணாடியைப் பார்த்து 'இது பொய்'னு கண்டுபிடிக்கவே முடியாது. இந்த நோஞ்சான் மட்டும் அப்படி இல்ல."

கரும்பலகையில் ஒரு உருண்டை வரைந்தார். "இது ஒரு அணுக்கரு. பம்பரம் மாதிரி சுழலுது. மாறும்போது எலக்ட்ரானை வெளிய விடுது. மேலேருந்து பார்த்து, கடிகார முள் போற பக்கமா இது சுத்தினா எலக்ட்ரான் பெரும்பாலும் மேல போகும். எதிர்ப்பக்கமா சுத்தினா பெரும்பாலும் கீழ போகும்."

"சரி."

"இப்ப இதுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடியை நிறுத்துங்க. கண்ணாடியில என்ன தெரியும்?"

"எதிர்ப்பக்கமா சுத்தும்."

"எலக்ட்ரான்?"

பட்டறைக்காரர் காற்றில் கையைச் சுழற்றிப் பார்த்தார். "பக்கத்துல நிக்கற கண்ணாடி, வலது இடதைத்தான் மாத்தும். மேல கீழ மாறாது. அப்ப எலக்ட்ரான் மேலயேதான் போகும்."

"எதிர்ப்பக்கமா சுத்திட்டு மேல அனுப்பற அணு இந்த உலகத்துல கிடையாது. எதிர்ப்பொருளை விட்டுடுங்க, அது தனிக் கதை. நாம தொடற பொருள்ல கிடையாது. கண்ணாடிக்குள்ள தெரியறது, நடக்கவே முடியாத ஒண்ணு."

பட்டறைக்காரர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் சுற்றினால் மேலே. மறுபக்கம் சுற்றினால் கீழே. இதை அவருடைய கைக்குத் தெரியும். முதன்முறையாகக் கை அரித்தது.

"திருகு!" என்றார். "நிமிர்த்தி வச்ச திருகுதண்டு மேடம். கண்ணாடிக் குழாய்க்குள்ள. கனமே இல்லாத நெட்டியில செஞ்ச குட்டிப் பந்துங்க. ஒரு பக்கம் சுத்தினா ஏத்தும், மறுபக்கம் சுத்தினா இறக்கும்."

பேராசிரியை பலகையில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டார். பிறகு, "எல்லாமே மேல போயிடக் கூடாது," என்றார். "பெரும்பாலும். கொஞ்சம் வழுக்கிக் கீழ விழணும்."

"குழாய்க்கும் திருகுக்கும் நடுவுல இடைவெளி விட்டுடறேன். கொஞ்சம் நழுவிடும்."

"ம்," என்றார் பேராசிரியை.

பட்டறைக்காரர் படிகளில் இறங்கும்போது, அந்த "ம்" உடைந்துவிடாமல் உள்ளங்கையில் பொத்தி எடுத்துப் போகிறவர் மாதிரி இறங்கினார்.

*

இங்கே பட்டறையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூடத்தின் வாசல் நடுவில். உள்ளே வரும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால்தான் நெரிசல் இருக்காது. அதனால் எந்த மாதிரியானாலும் இரண்டு செய்வார்கள். இடது சுவருக்கு ஒன்று, வலது சுவருக்கு ஒன்று. இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் கைப்பிடி வலப்புறம் என்றால் மற்றதில் இடப்புறம். வாசலில் நின்று பார்த்தால் கூடமே கண்ணாடியில் பார்த்த மாதிரி மடங்கி நிற்கும். இதற்கு "ஜோடி போடுவது" என்று பெயர். ஜோடி போடுவது மைத்துனனின் இலாகா. பட்டறைக்காரர் ஒன்றைச் செய்து முடித்ததும் அவன் அந்த வரைபடத்தைக் கணினியில் ஒரு தட்டுத் தட்டிப் புரட்டிவிடுவான். அறுக்கிற இயந்திரம் அதை அப்படியே அறுத்துக் கொடுத்துவிடும்; வார்க்க வேண்டியதென்றால் அதற்கான அச்சையும். எத்தனையோ கூடங்கள், எத்தனையோ ஜோடிகள். ஒன்றும் தவறியதில்லை.

வியாழன் காலை, வலது சுவரில் பட்டறைக்காரர் தன் மேடையின் உறையை உருவினார். இயக்குநர் கைப்பிடியைப் பிடித்தார். அம்புக்குறி காட்டிய பக்கம், கடிகார முள்ளைப் போல, சுழற்றினார். வெள்ளைப் பந்துகள் திருகில் ஏறி, குழாயின் உச்சியிலிருந்து பொங்கி வழிந்தன. சில வழுக்கிக் கீழே விழுந்தன. எதிர்ப்பக்கம் சுழற்றினார், பந்துகள் இறங்கி, அடியிலிருந்து கொட்டின.

"அடேயப்பா," என்றார் இயக்குநர்.

பேராசிரியை தலையசைத்தார். "இல்லை" வரவில்லை. பட்டறைக்காரருக்கு அலமாரிகள் எல்லாம் தூரத்தில், மிகத் தூரத்தில் மறைவது தெரிந்தது.

"இது அதோட ஜோடி," என்று மைத்துனன் பெருமையாக இடது சுவரின் உறையை உருவினான்.

இயக்குநர் அங்கேயும் அம்புக்குறியைப் பார்த்துச் சுழற்றினார். அம்பு இங்கே எதிர்ப்பக்கம் காட்டியது. பந்துகள் மேலே பொங்கின.

"இல்லை," என்றார் பேராசிரியை.

பட்டறைக்காரர் குனிந்து குழாய்க்குள் பார்த்தார். திருகும் புரண்டிருந்தது. அச்சு, அம்பு, கைப்பிடி, எல்லாவற்றையும் மைத்துனன் புரட்டி வார்த்திருந்தான். எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு மேலே அனுப்பும் அணு. உலகத்தில் கிடையவே கிடையாத சரக்கு. அதை அவருடைய பட்டறை செய்து, மெருகேற்றி, சுவரோரம் நிறுத்தியிருந்தது.

"இது பொய்," என்றார் பேராசிரியை, கோபமில்லாமல். "இதைப் பார்த்துட்டுப் போற பிள்ளை தப்பாத்தான் படிச்சிட்டுப் போகும்."

"வேற திருகு போடலாமே?" என்றார் இயக்குநர்.

"அச்சிலேருந்து மறுபடி வார்க்கணும் சார். கூடத்தைத் திறக்கற தேதிக்குள்ள ஆகாது," என்றார் பட்டறைக்காரர்.

"ஒண்ணை மட்டும் வச்சா கூட்டம் ஒரே சுவர்ல குமியும். பொய்யையும் என் கூடத்துல நிறுத்த முடியாது." இயக்குநர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "மன்னிச்சுக்குங்க. திரைக்காரங்களுக்கே சொல்லிடறேன்."

பட்டறைக்காரருக்குள் இத்தனை மாதமாகப் புழுங்கிக்கொண்டிருந்தது எல்லாம் மைத்துனன் தலையில் கொட்டியது.

"அறிவிருக்காடா உனக்கு? மேடம் சொன்னதைப் பட்டறையில வந்து படம் போட்டுச் சொன்னேனா இல்லையா? கண்ணாடியில தெரியறது நடக்காதுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நீ அந்தக் கண்ணாடியையே வார்த்து எடுத்துட்டு வந்திருக்கே!"

"என்னை ஏன் மாமா குதர்றீங்க?" மைத்துனனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை வருஷமா ஜோடி போடறேன்! புனலுக்குப் போட்டேன், தப்பா போச்சா? காந்தத்துக்குப் போட்டேன், ரப்பருக்குப் போட்டேன். எதையாவது யாராவது குத்தம் சொன்னாங்களா? மூணும் சொன்னபடி நிக்குது. உங்க நோஞ்சானுக்குத்தான் ஜோடி ஒத்துவரல. அதுக்கு நான் என்ன பண்ண?"

பட்டறைக்காரர் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தார். வசவு வரவில்லை. புனலுக்குப் போட்டான், காந்தத்துக்குப் போட்டான், ரப்பருக்குப் போட்டான். மூன்று ஜோடிகளும் இரண்டு சுவர்களிலும் பேசாமல் நின்றன. யாரும் கண்டுபிடிக்க முடியாது, எது அசல் எது ஜோடி என்று. இது ஒன்றுதான் மாட்டிக்கொண்டது.

அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. விற்க நினைத்த துணியை அவர் தனியாக விரித்ததே கிடையாது. பக்கத்தில் ஒரு மட்டமான துணியையும் விரித்துப்போடுவார். எதையும் புகழ மாட்டார். வந்தவர் இரண்டையும் தடவிப் பார்ப்பார். நல்ல துணி தானே பேசிக்கொள்ளும். தனியாக விரித்த துணி எவ்வளவு நல்லதானாலும் வெறும் துணிதான்.

நான் நல்ல துணியைத் தனியாக விரித்திருக்கிறேன் என்று பட்டறைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"சார், போனைக் கீழ வைங்க. ஒரே நிமிஷம்." மேடைகளுக்கு அடியில் சக்கரம் உண்டு. பூட்டைத் தட்டிவிட்டு, இடது சுவரின் மேடையைத் தள்ளிக்கொண்டு வந்தார். மைத்துனன் ஓடிவந்து தோள் கொடுத்தான். இரண்டையும் அக்கம்பக்கமாக நிறுத்தினார்கள்.

"ஆளுக்கு ஒரு கைப்பிடி. சார், நீங்க இது. மேடம், நீங்க அது. அம்பைப் பார்க்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கமா சுத்துங்க."

சுற்றினார்கள். ஒரு குழாயில் பந்துகள் ஏறின. பக்கத்துக் குழாயில் இறங்கின. இயக்குநர் நிறுத்தினார், எதிர்ப்பக்கம் சுற்றினார், பேராசிரியையும் சுற்றினார். இது இறங்க, அது ஏறியது. இயக்குநர் ஒரு குழாயைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். புனலைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுல எது நிஜம்?" என்றார்.

இத்தனை மாதத்தில் நான்காவது மேடையைப் பார்த்து ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று வியாபாரி ரத்தம் சொன்னது.

"உங்க கையில இருக்கறதுதான் நிஜம்," என்றார் பேராசிரியை. "என் கையில இருக்கற மாதிரி ஒண்ணு இயற்கையில கிடையாது."

"ரெண்டும் நல்லாத்தானே சுத்துது? இது ஏன் கிடையாது?"

"அதைத்தான் வர்ற பிள்ளை கேக்கும்," என்று பட்டறைக்காரர் புகுந்தார். "சார், சுவர்ல வேணாம். வாசலுக்கு நேர் எதிர்ல, நடுவுல வைக்கறேன். ரெண்டு பக்கத்துக் கூட்டமும் வந்து முடியற இடம். குமியாது. மத்த மூணுக்கும் ஜோடி பார்த்துட்டு வர்றவன், இங்க வந்ததும் முழிப்பான்."

"பொய்யை வைக்கறதா?"

"பொய்னு எழுதி வச்சிடலாமே," என்றார் பேராசிரியை.

பட்டறைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் பக்கம் பேசுவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் வியாபாரத்தில் அவசரப்படக்கூடாது.

"எழுத வேணாம் மேடம். கேள்வியா விடுங்க. எது நிஜம்னு அவங்களே அடிச்சிக்கட்டும்."

"இல்லை. விடை இருந்தே ஆகணும்."

"மூடி போட்டு உள்ள எழுதறேன். தூக்கிப் பார்க்கறவன் பார்க்கட்டும்."

"பெரும்பாலும்ங்கற வார்த்தை வரணும்."

"வரும்."

"எதிர்ப்பொருள் பத்தி ஒரு வரி."

"மூடி தபால் தலை அளவுதான் மேடம்!"

"பெரிசா செய்யுங்க."

"சரி, பெரிசா செய்யறேன்," என்று தொப்பென்று விழுந்தார் பட்டறைக்காரர். பேராசிரியை இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது. இயக்குநரைப் பார்த்தார். "அடுத்த கூடம் சார்?"

"பார்க்கலாம்," என்றார் இயக்குநர்.

அப்பாவின் கடையில் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. துணியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னால் போய்விட்டார் என்று பொருள். கை துணிமேல் இருந்தால் வாங்கிவிட்டார். பட்டறைக்காரர் இயக்குநரின் கையைப் பார்த்தார். அது கைப்பிடியில்தான் இருந்தது. இப்படியும் அப்படியும் சுழற்றிக்கொண்டே இருந்தது. போன் புனலுக்குப் பக்கத்தில் அனாதையாகக் கிடந்தது.

மூச்சு விட்டதும் பட்டறைக்காரருக்கு இயக்குநர் கேட்ட கேள்வி திரும்ப வந்தது. தலைக்குள் ஒட்டிக்கொண்டு விடவில்லை.

"மேடம், சார் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. அது ஏன் கிடையாது? மத்த மூணுக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணாயிருக்கும்போது, இந்த நோஞ்சான் மட்டும் ஏன் ஒரு பக்கமா சாயுது?"

பேராசிரியை கைப்பிடியை விட்டார்.

"தெரியாது," என்றார்.

"உங்களுக்கா?"

"யாருக்கும். எப்படின்னு நல்லாத் தெரியும். ஏன்னு தெரியாது."

பட்டறைக்காரருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரப்பருக்கு இல்லை, பெட்டிக்கு இல்லை, கிட்டத்தட்ட என்ற சொல்லுக்கே இல்லை. அத்தனை இல்லைகளையும் தாண்டிக் கடைக்குள் நுழைந்தால், உள்ளே முதலாளியே இல்லை. பேராசிரியை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் அதே வயித்தெரிச்சல்தான் சார். இருபது வருஷமா," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மைத்துனன் வண்டியில் ஏறி, காலி உறைகளைப் பின்னால் திணித்தான். பட்டறைக்காரர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினார்.

"தெரியாதாம்டா!"

"ஜெயிச்சிட்டோமில்ல மாமா, விடுங்க."

"எப்படிடா விடறது? அவ்வளவு வாட்டி என்னை ஏற இறங்க ஓடவிட்டுட்டு, கடைசியில தெரியாதாம். இதுக்குப் பேசாம அலமாரி அடிச்சிருக்கலாம். அலமாரி ஏன் நிக்குதுன்னாவது எனக்குத் தெரியும்."

மைத்துனன் வண்டியைக் கிளப்பினான். காட்சிக்கூடத்தின் வளாகம் குறுகல். பின்னாலேயே எடுத்துத்தான் வெளியேற வேண்டும். "மாமா, உங்க பக்கத்துக் கண்ணாடியில பார்த்துச் சொல்லுங்க. பின்னாடி இடம் இருக்கா?"

பட்டறைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். சுவர், ஒரு கம்பம், காலி இடம், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை நம்பிச் சொல்ல முடியாது," என்றார். "இறங்கிப் பாரு."